எண் போடாத ஸ்லைடு

இரத்த நோய், புற்றுநோய் மருத்துவத்தில் இரண்டாண்டு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து ஒன்றரை வருடமாகியிருந்தது. விண்ணப்பத்தோடு கட்டம் போட்ட ஒரு தாளும் வந்தது. இத்துறையில் நீங்கள் நேரடியாகப் பார்த்த நோயாளிகளின் பட்டியலை எழுதி நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே இருபது வரிகள். நான் நாலு வரி எழுதினேன். பேனா அதற்குமேல் நகரவில்லை.

அந்த நாலு பேரை நான் பார்த்தேன் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. நான் எம்.டி. படித்தது ஒரு மாவட்டக் கல்லூரியில். இரத்தப் புற்று என்று சந்தேகம் வந்தாலே மறுநாள் காலை ஆம்புலன்ஸில் ஏற்றி ஹைதராபாதுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் குளுக்கோஸ் ஏற்றுவதும் கடிதம் எழுதுவதும்தான் என் வேலை. எலும்பு மஜ்ஜை எடுக்கும்போது இரண்டு தடவை உடனிருந்திருக்கிறேன். இரண்டு தடவையும் நோயாளியின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாலாவது நோயாளி, ஈறில் ரத்தம் நிற்காமல் வந்த ஒரு பெண், ஆம்புலன்ஸில் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கு என்ன என்று உனக்குத் தெரியுமா என்று தெலுங்கில் கேட்டாள். தெரியாது என்றேன். அது பொய்யில்லை. அதனாலேயே அது என்னை விடவில்லை.

நேர்காணலுக்கு மூன்று மாதம் இருந்தது. முந்தைய வருடம் அதே இடத்தில் முயன்று கிடைக்காமல் போன வகுப்புத் தோழி ஒருத்தி போனில் சொன்னாள்: "புஸ்தகத்த எல்லாரும்தான் படிச்சிட்டு வராங்க. அவங்க மைக்ராஸ்கோப் முன்னாடி உக்கார வெச்சு, இது என்னன்னு சொல்லுன்னு கேப்பாங்க. அங்கதான் ஆளு காலி."

நான் நல்ல மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வருடக்கணக்காகியிருந்தது.

அப்போது நான் ஹைதராபாதின் பாலாநகரில் முப்பது படுக்கை கொண்ட ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். அப்பா அங்கிருந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை செய்தவர். எங்கள் தெருவில் காலையில் வீட்டுக்கு ஒரு கார் வந்து நின்று, என்னைவிடச் சின்னவர்களை எல்லாம் ஹைடெக் சிட்டியின் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு அள்ளிக்கொண்டு போகும். நான் இரண்டு பஸ் மாறி பாலாநகர் போவேன். அங்கே வருகிறவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். காய்ச்சல், மலேரியா, மெஷினில் மாட்டிய விரல். புற்றுநோய் அந்தப் படியேறி வந்து நான் பார்த்ததில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு அறைதான் லேப். ஒரு மைக்ராஸ்கோப், சாயப் புட்டிகள், ரத்த அணுக்களை எண்ணும்போது விரலால் தட்டுகிற ஒரு சின்ன இயந்திரம். அந்த அறையில் பத்து வருடமாக ஒரே டெக்னீஷியன். எல்லோருக்கும் அவர் லேப் அண்ணா. வயது முப்பத்தெட்டு. அவருடைய தாத்தா பட்டாளத்தோடு செகந்தராபாத் வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் அவர் தமிழில் ஊர் முழுக்கக் கலந்திருக்கும். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் மனைவியோடும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளோடும் குடியிருந்தார்.

"அண்ணா, தினமும் ரத்த ஸ்லைடுகளக் கழுவிடாம எனக்கு எடுத்து வெப்பீங்களா? மத்தியானம் வந்து பாத்துக்கறேன்."

"ஹவ் மேடம், கைக்கு?" என்றார். சரி, ஆனால் எதற்கு என்று ஹைதராபாத் உருதுவில். பிறகு காரணத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு எண்ணத்தான் தெரியும். சொல்லிக்குடுக்கல்லாம் தெரியாது," என்றார்.

"சொல்லித்தர நக்கோ. எடுத்து வெச்சாப் போதும்," என்றேன். வேண்டாம் என்பதற்கு நானும் நக்கோ என்றதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

அப்படியாக மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை, வெளிநோயாளிகள் இல்லாத நேரத்தில், நான் அந்த அறையில் உட்கார ஆரம்பித்தேன். படங்கள் போட்ட பழைய புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிவதையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். அண்ணா எதிரே தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் வைர முனைப் பேனாவால் பதிவேட்டு எண்ணைக் கீறி வைத்திருப்பார். நான் பார்த்துச் சொல்வதைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்வேன். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு. மூன்றாவது வாரம் மலேரியாவை நானே கண்டுபிடித்தேன். அவ்வளவுதான் என் முன்னேற்றம்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள், பெட்டியில் எண் போடாத ஸ்லைடு ஒன்று இருந்தது.

கண்ணை வைத்தேன். நல்ல ரத்தத்தில் சிவப்பணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெள்ளை அணு தெரியும். இதில் எங்கே நகர்த்தினாலும் வெள்ளை அணுக்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. முற்றியவை, பாதி முற்றியவை, எலும்புக்குள்ளேயே இருக்கவேண்டிய குஞ்சுகள், எல்லாமே. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது என்று என் நெஞ்சு குதித்தது.

"அண்ணா, இது யாரோடது? நம்பர் இல்லியே?"

அவர் எனக்கு முதுகு காட்டி, தொட்டியில் எதையோ கழுவிக்கொண்டிருந்தார். "ஃபேக்டரி ஆளு மேடம். ஃபீவர்னு வந்தான். நம்பர் போட மறந்துட்டேன்."

காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் என் சந்தோஷம் பின்வாங்கியது. கடுமையான நோய்த்தொற்றிலும் வெள்ளை அணுக்கள் இப்படிப் பெருகும், பார்க்க இரத்தப் புற்று போலவே இருக்கும். எம்.டி. முதல் வருடத்தில் அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு நான் இரத்தப் புற்று என்று அறிவித்து, வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த நோயாளிக்கு இருந்தது நுரையீரலில் சீழ். அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஒட்டியிருந்தது. மறுபடியும் கண்ணை வைத்தேன். இடையிடையே கருநீலமாக, மை கொட்டியதுபோல் சில அணுக்கள். சாயப்பொடி படிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"இன்ஃபெக்‌ஷன்தான் அண்ணா. பெரிய இன்ஃபெக்‌ஷன்ல இப்படி வரும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "பக்காவா மேடம்?"

"பக்கா."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு காகிதம் நிறைய வெங்காய சமோசாவோடு திரும்பி வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். நான் நாலு சமோசா சாப்பிட்டேன். அவர் ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காகிதத்திலேயே வைத்தார்.

அதற்கப்புறம் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. பட்டன, அவ்வளவுதான். நான் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. அண்ணாவின் டிபன் பாக்ஸ் பாதி சாதத்தோடு மூடப்படுவதைப் பார்த்தேன். டிசம்பர் மாதம், நான் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது, அவர் சட்டைக் காலர் நனைந்திருப்பதைப் பார்த்தேன். பெல்ட்டில் அவர் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார், இறுக்க அல்ல, தளர்த்த. முகம் வற்றிக்கொண்டு வந்தவருக்கு எதற்கு பெல்ட் தளர்கிறது என்று ஒரு டாக்டர் கேட்டிருக்க வேண்டும். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

நேர்காணலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் நாள்பட்ட வகை இரத்தப் புற்றைப் பற்றிய அத்தியாயத்தில் இருந்தேன். வருடக்கணக்கில் ஆளுக்குத் தெரியாமலே ஊறிக்கொண்டிருக்கும் வகை. நோய்த்தொற்றில் வெள்ளை அணு பெருகுவதையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு பத்தி. கருநீலத் துகள்கள் நிறைந்து உட்கருவையே மறைத்திருக்கும் ஒருவகை அணு இந்த நோயில் கூடும், தொற்றில் கூடாது என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே படம்.

மை கொட்டியதுபோல் இருந்தது.

"ஏட்டி, என்ன இப்படி வேர்க்கு உனக்கு?" என்றாள் அம்மா. முப்பது வருடம் ஹைதராபாதில் இருந்தும் அவள் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு? புஸ்தகத்த மூடி வச்சிட்டு ரெண்டு வாய் சாப்பிடு."

மறுநாள் நேராக லேபுக்குப் போனேன். "அண்ணா, அந்த நம்பர் இல்லாத ஸ்லைடு வேணும்."

"அதெல்லாம் அப்பவே கழுவிட்டேன் மேடம்."

"அந்த ஆளக் கூப்பிடணும். நான் தப்பாச் சொல்லிட்டேன்னு நெனைக்கறேன்."

"அவன் ஒடிஸாக்காரன். ஊருக்குப் போயிட்டான்."

"போன் நம்பர்?"

"இல்ல மேடம். விடுங்க. நக்கோ."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். எனக்கு என்னமோ போலிருந்தது. அவர் டீ குடிக்கப் போனபோது பதிவேட்டைப் பிரித்தேன். அந்த வாரம், அதற்கு முந்தின வாரம், பிந்தின வாரம், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். அந்த ஸ்லைடில் இருந்த அளவுக்கு வெள்ளை அணு கொண்ட ஒருவர்கூட அதில் இல்லை. வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் கேட்டேன். ஒடிஸாக்காரர் ஒருவருக்கும் அந்த வாரம் ரத்தம் எடுக்கவில்லை.

அப்படியானால் அது யாருடைய ரத்தம் என்று யோசித்துக்கொண்டே லேப் வாசலில் நின்றேன். அண்ணா டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரும்போது இடது விலாவுக்குக் கீழே கையைக் கொடுத்து, வயிற்றை ஒரு பொருளைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கர்ப்பிணிகள் அப்படி உட்காருவார்கள்.

எதிர் அறைக் கதவைத் திறந்து வைத்தேன்.

"அண்ணா, எதிர் ரூமுக்கு வாங்க. படுங்க."

"கைக்கு மேடம்?"

"வாங்க."

அவர் மறுத்துப் பேசவில்லை. எழுந்து வந்து, பரிசோதனைக் கட்டிலில் படுத்து, சட்டையைத் தானே தூக்கினார். மண்ணீரல் எல்லோருக்கும் விலாவுக்குள் ஒளிந்திருக்கும், கைக்குத் தட்டுப்படாது. அவருக்கு அது தொப்புள் வரை இறங்கியிருந்தது. தொட வேண்டியதுகூட இல்லை, வெளிச்சத்தில் அதன் விளிம்பு தோலுக்கு அடியில் தெரிந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல நகர்ந்தது.

கையை எடுத்தேன். அவர்தான் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"பத்து வருஷமா எண்ணறேன் மேடம். எனக்குத் தெரியாம இருக்குமா? வயிறு ஒரு மாதிரி இருக்குதேன்னு விரலக் குத்திப் பாத்தேன். எண்ணிட்டே இருக்கேன், முடியவே இல்ல. ரெண்டு தடவ எண்ணினேன். அப்புறம் எண்ணறத விட்டுட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல? ஏன் சும்மா பெட்டில வெச்சீங்க?"

"பெரிய டாக்டர்கிட்ட காமிச்சா, அவர் சொல்றதுதான் கடைசி. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்?" கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு இதுல அனுபவம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அதான் உங்ககிட்ட வெச்சேன். இதுதான்னு நீங்க சொன்னா, அவங்களுக்கு என்ன தெரியும்னு நெனச்சுக்கலாம். இல்லன்னு சொன்னா, டாக்டரே சொல்லிட்டாங்கன்னு நெனச்சுக்கலாம். நீங்க இல்லன்னு சொன்னீங்க. அஞ்சு வாரம் நிம்மதியாத் தூங்கினேன் மேடம்."

சுவரில் யாரோ ஒட்டிய தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து பட்டனைப் போட்டுக்கொண்டார். அழுதது நான்தான்.

இரண்டு நாள் கழித்து அவரை நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். நான் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருந்த அதே இடம். வேறு எங்கும் எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். அவர்கள் என்னைப் பார்க்கட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேனா? நினைத்திருப்பேன். மனைவிக்கும் மகளுக்கும் சொல்லவில்லை, கேஸ்ட்ரிக் என்று சொல்லியிருக்கிறேன் என்றார் அண்ணா.

துறைத் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. தாழ்ந்த குரலில், பாதி இங்கிலீஷிலும் பாதி தெலுங்கிலுமாகப் பேசினார். ரத்தத்தைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், நேரே அண்ணாவிடம் கேட்டார்: "நீங்கள் லேபில் வேலை செய்கிறவர். இதற்கு முன்னால் யாராவது உங்கள் ரத்தத்தைப் பார்த்தார்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா தெலுங்கில் சொன்னார்: "நான்தான் பாத்தேன் மேடம். பயந்துபோய் சும்மா விட்டுட்டேன். வேற யாரும் பாக்கல."

துறைத் தலைவர் தலையை அசைத்துக் குறித்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இல்லை, நான் பார்த்தேன், தொற்று என்று சொன்னேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் எழுதி முடிக்கும் வரை இருந்தது. நான் சொல்லவில்லை.

அதே நாள் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். நீங்கள் டாக்டரா, வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்று அங்கிருந்த இளம் மருத்துவர் கூப்பிட்டார். போனேன். அண்ணா குப்புறப் படுத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பில் ஊசி இறங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி எந்தக் கோணத்தில் போகிறது, எவ்வளவு ஆழத்தில் தளர்கிறது, எப்போது உறிஞ்சுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அதையெல்லாம் நோட்டில் எழுதினேன். நோட்டை மூடியபோதுதான் உறைத்தது, அவரிடம் வலித்ததா என்று நான் கேட்கவில்லை.

நோய் நாள்பட்ட வகைதான் என்று உறுதியாயிற்று. அதற்குத் தினம் ஒரு மாத்திரை வந்திருந்தது. முன்பென்றால் எண்ணி நாலைந்து வருடம் என்பார்கள், இப்போது அப்படியில்லை என்று துறைத் தலைவர் சொன்னார். இரண்டே வாரத்தில் அண்ணாவின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. வயிறு வடிய ஆரம்பித்தது. "மேடம், இன்னிக்கு ரெண்டு தட்டு சாதம்," என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பயத்தைக் கொடுத்தது. நடந்த தப்பை எல்லாம் அது துடைத்துவிடுவது போலிருந்தது.

நேர்காணலுக்கு முந்தின நாள் அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்து ஐந்தாவது வரியை எழுதினேன். ஆண், முப்பத்தெட்டு வயது. நோயின் பெயர். பங்கு என்ற இடத்தில், முதலில் கண்டறிந்தது நான் என்று எழுதினேன். மண்ணீரலைத் தொட்டது நான்தானே.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். ஓரத்தில் மைக்ராஸ்கோப். முதலில் ஸ்லைடு. வேறு ஏதோ தீவிர வகை இரத்தப் புற்று. நேரம் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், இரண்டு இடத்தில் தெரியவில்லை என்றேன். ஒருவர் புன்னகைத்தார், நல்ல புன்னகையா இல்லையா என்று புரியவில்லை. துறைத் தலைவர் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஐந்தாவது வரியில் நின்றது.

"இவரை எனக்குத் தெரியும்," என்றார் ஆங்கிலத்தில். "தன் ரத்தத்தைத் தானே பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னாரே. நீங்கள் எப்போது கண்டறிந்தீர்கள்?"

மண்ணீரலைத் தொட்ட நாளைச் சொன்னால் போதும். கேள்வி முடிந்துவிடும். அண்ணா எனக்காக அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

"அவர் உங்களிடம் சொன்னது உண்மையில்லை," என்றேன். "அவருடைய ஸ்லைடை அதற்கு ஐந்து வாரம் முன்பே நான் பார்த்தேன். தொற்று என்று சொன்னேன். நிச்சயமாக என்றும் சொன்னேன். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் அது. அன்று நான் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

மின்விசிறியின் ஒரு இறக்கை தட்டிக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் பேனாவை எடுத்து, நான் எழுதிய ‘முதலில் கண்டறிந்தது’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டார். மற்ற நாலு வரிகளையும் பார்த்தார். "நீங்கள் போகலாம்," என்றார்.

இருந்த இடம் இரண்டு. பட்டியலில் நான் மூன்றாவது. நான் அழவில்லை. அம்மாதான் பூஜை அறையில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணாவிடம் நேர்காணலில் நடந்ததைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்கு மேடம் அவ்ளோ பெரிய பொய் சொன்னேன்? எல்லாம் வேஸ்ட்டு," என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறு வாரம் கழித்துத் துறைத் தலைவரே போன் செய்தார். தேர்வானவர்களில் ஒருவர் வெளிநாடு போகிறார், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார். நேர்காணலைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறம் நான் அவரிடம் வேலை பார்த்த இரண்டு வருடத்திலும் பேசவில்லை. ஆனால் நான் ஒரு ஸ்லைடைப் பற்றி ‘நிச்சயம்’ என்று சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து வந்து தானும் ஒருமுறை பார்ப்பார்.

ஃபெலோஷிப் முடிந்து நான் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போய்க்கொண்டிருந்தார். மாத்திரை ஆரம்பித்து நாலு வருடம் போல எல்லாம் சொன்னபடி நடந்தது. ஐந்தாவது வருடம் அவர் வரவேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. மார்ச் மாதம் என்று நினைவு. போன் செய்தேன், அவர் மகள் எடுத்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். அப்பா நன்றாக இருக்கிறார், டூட்டிக்குப் போயிருக்கிறார். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். கேஸ்ட்ரிக் மாத்திரையா, அதை எப்போதோ நிறுத்திவிட்டாரே என்றாள்.

அன்று சாயங்காலமே போவன்பள்ளிக்குப் போனேன். மார்க்கெட் சந்தில் மிதிபட்ட முட்டைக்கோஸ் இலைகள் அழுகிக் கிடந்தன. மாடியில் அவர் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழும்போது அவர் கை விலாவுக்குப் போகவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"நல்லாத்தானே இருக்கேன் மேடம். எல்லாக் கவுன்ட்டும் நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க."

"எப்ப அண்ணா?"

"மூணு மாசம் இருக்கும். தினம் அந்த மாத்திரையப் பாத்தா எனக்கு வியாதி இருக்குன்னு ஞாபகம் வருது. அதப் பாக்கலன்னா வரல."

படுக்கச் சொன்னேன். மூச்சை இழுக்கச் சொல்லி விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தேன். மூச்சின் முடிவில் மண்ணீரல் வந்து என் விரல் நுனியை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாசல் நிலையில் அவர் மகள் நின்றிருந்தாள். இப்போது இன்டர்மீடியட், அதாவது பிளஸ் டூ வகுப்பு, படிக்கிற பெண். "அக்கா, அது கேஸ்ட்ரிக் இல்லதானே?" என்று தெலுங்கில் கேட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்லிடுங்க மேடம்," என்றார்.

தமிழில் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். மாத்திரை என்ன செய்தது, நிறுத்தியதால் என்ன ஆகியிருக்கிறது, மறுபடி ஆரம்பித்தால் முன்போல அடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். மகள் அழவில்லை. உள்ளே போய்க் குக்கரை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ரேப்பு என்னி கண்டலகு ராவாலி?" என்று கேட்டாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று.

எட்டு மணிக்கு என்றேன். மறுநாள் நான் போகும்போது மூவரும் வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய மாத்திரைக்கு அந்தத் தடவை நோய் முழுசாக அடங்கவில்லை. வேறொன்றுக்கு மாற்றினோம். ஆறு மாதத்தில் எண்ணிக்கை இறங்கியது, முன்பிருந்த அளவுக்கு அல்ல. அண்ணா வேலைக்குப் போகிறார். மகள் எழுதி வைக்கிற நாளில் தவறாமல் வருகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் ரத்தத்தை நான் முதலில் பார்க்கிறேன், அப்புறம் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கும் வரை பக்கத்தில் நிற்கிறேன்.